யாரென்று யார் சொல்வது

மதுரை திண்டுக்கல் சாலையை ஒட்டிய விளாங்குடி தனிப் பேரூராட்சியாக இருந்து, பின்னர் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். இங்குள்ள மாடி அறைகள் சிலவற்றில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. ஏதோ ஒரு தேசத்துக் கம்பெனியின் கிளவுட் சர்வர்களுக்குள் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்பதை நம் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்து அமைத்துக் கொடுக்கிறார்கள். விடிந்து அவர்கள் தூங்கப் போகும் நேரத்தில், அதே தெருவின் ரேஷன் கடையில் வேறொரு நுழைவுச் சோதனை தொடங்குகிறது. இரண்டும் ஒரே ஏற்பாடு என்பது இரு பக்கத்தாருக்கும் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

முதலில் மாடி அறை. குபர்நெட்டிஸ் என்பது பல கணினிகளை ஒரே கூட்டமாக, கிளஸ்டராக, ஓட்டுவதற்கென்று கூகுள் 2014-இல் வெளியிட்ட மென்பொருள். உலகின் பெரிய கம்பெனிகள் பலவும் இன்று அதன் மேல்தான் நிற்கின்றன. அதில் ஒரு விநோதம் உண்டு. தன்னுள் ஓடும் நிரல்களுக்கு அது கணக்கு வைத்திருக்கிறது, மனிதர்களுக்கு வைத்திருப்பதில்லை. வருகிறவர் யார் என்று சொல்லும் பொறுப்பை வெளியே உள்ள ஒரு சேவையிடம், கூகுளிடமோ மைக்ரோசாப்டிடமோ சொந்தமாக நிறுவிய கீகிளோக்கிடமோ, ஒப்படைத்துவிடலாம். அந்தச் சேவையின் முகவரி, அங்கே இந்தக் கிளஸ்டருக்கென்று பதிந்த குறியீடு, அது தரும் டோக்கனில் எந்த வரி ஆளின் பெயர், எந்த வரி அவருடைய குழு: இவற்றை எழுதிவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது. அதன்பிறகு கிளஸ்டர் டோக்கனின் கையொப்பத்தைச் சரிபார்க்கும், யாருக்காக வழங்கியது, கெடு முடிந்துவிட்டதா என்று பார்க்கும். ஆளைப் பார்க்காது. நேற்று மாலை வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் டோக்கன்கூடக் கெடு தீரும்வரை செல்லும்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது. ஆனால் அதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. டோக்கன் ஆள் யார் என்று மட்டும்தான் சொல்லும். அந்த ஆள் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதைக் கிளஸ்டர் தன் விதிகளில் தனியாக எழுதி வைத்திருக்கும். அடையாளம் வேறு, உரிமை வேறு. ஒன்று மற்றொன்றை விழுங்கக் கூடாது. இந்தப் பகுப்பை இயந்திரங்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்த நாம், மனிதர்கள் விஷயத்தில் அதை அடிக்கடி குழப்பிக்கொண்டோம் என்பதற்கு மதுரைச் சீமையே சாட்சி.

1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, பிறமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்களின் கைரேகையை எடுக்கப் போலீஸ் போனது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ரேகை பதிந்தவன் இரவில் போலீசின் கண்காணிப்பில் தூங்க வேண்டும். வெளியூர் போனால் கையில் ராதாரிச் சீட்டு வேண்டும். நீ யார் என்ற கேள்விக்குக் கிடைத்த விடையே நீ என்ன செய்வாய் என்பதற்கும் விடையாகிவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்க 1947 வரை ஆனது.

அந்த மண்ணில், ஒரு நூற்றாண்டு கழித்து, 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்குக் கைரேகைக் கருவி வந்தது. இரண்டையும் ஒன்றென்று சொல்வது அநியாயம். அன்று அடக்குவதற்கு வாங்கிய ரேகை, இன்று அரிசி கொடுப்பதற்கு. வேறுபாடு பெரியது, அதை நாம் மறக்கலாகாது. ஆனால் இங்கேயும் ஆள் யாரென்று சொல்லும் அதிகாரம் கடையைவிட்டு வெளியேறிவிட்டது. 2009-இல் அமைந்த ஆதார் ஆணையத்தின் சேமிப்பகத்துக்கு ரேகை போகிறது, ஆம் அல்லது இல்லை என்று பதில் வருகிறது. கடைக்காரர் டோக்கனை மட்டும் பார்க்கும் கிளஸ்டராகிவிட்டார். எதிரே நிற்கும் கிழவியை அவருக்குப் பல வருஷமாகத் தெரியும். "அப்பத்தா, ரேகை விழுகல, கையத் தொடச்சிட்டு இன்னொருக்கா வைங்க" என்கிறார். களையெடுத்தும் சித்தாள் வேலை பார்த்தும் பாத்திரம் தேய்த்தும் தேய்ந்த விரல் அது. உழைத்தவர் யார் என்பதைத்தான் கருவியால் சரியாகக் கண்டுபிடிக்க முடிகிறது.

முகம் பார்த்துக் கொடுத்த காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. முகம் தெரிந்தவருக்குத் தெருவும் சாதியும் தெரிந்திருந்தது, வேண்டியவர், வேண்டாதவர் என்பதும் தெரிந்திருந்தது. யார் பெயரிலோ சர்க்கரை போனதும் பட்டியலில் இறந்தவர்கள் சாப்பிட்டதும் அந்தக் காலத்தில்தான். கருவிக்குச் சாதி தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை வரவேற்றவர்கள் உண்டு, அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. ஆக நம் சங்கடம் இதுதான்: தெரிந்தவரை நம்ப முடியாததால் தெரியாதவரை நம்புகிறோம், தெரியாதவர் தவறினால் யாரிடம் போவது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதார் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றது. மாறுபட்ட ஒருவரான நீதிபதி டி.ஒய். சந்திரசூட், மனிதரின் கண்ணியமும் உரிமையும் கணினிக் கணிப்புகளையும் நிகழ்தகவுகளையும் நம்பித் தொங்கக் கூடாது என்று எழுதினார். தமிழ்நாட்டில் நிலைமை மற்ற சில மாநிலங்களைவிடத் தேவலாம். இங்கே பொது விநியோகம் எல்லோருக்குமானது. ரேகை விழாவிட்டால் கருவிழியைப் பதியலாம், அட்டையில் பெயருள்ள வேறொருவர் வரலாம், முடியாத முதியவருக்குப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரிசி வீட்டு வாசலுக்கே வருகிறது. கூடவே கருவியும் வருகிறது.

மாடி அறைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அமேசானின் கிளவுடில் ஒரு கிளஸ்டரை வெளி அடையாளச் சேவையோடு இணைத்தாலும், அமேசானின் சொந்த நுழைவு வழியை அடைக்க முடியாது. வேறிடங்களிலும், வெளிச்சேவை படுத்துவிட்டால் உள்ளே போவதற்கென்று ஒரு நிர்வாகச் சான்றிதழைப் பத்திரமாக எடுத்து வைக்காத பொறியாளரைப் பொறுப்பில்லாதவர் என்பார்கள். அவசரத்தில் அதை எடுத்துத் திறந்தவர் பெயரும் நேரமும் பதிவாகும், மறுநாள் காரணம் கேட்பார்கள், அவ்வளவுதான். சர்வருக்கு இந்த அக்கறை காட்டத் தெரிந்தவர்கள்தான் நம் அரசுக் கருவிகளுக்கும் நிரல் எழுதுகிறார்கள். கருவி எல்லா வழியிலும் இல்லை என்று சொன்ன பிறகும், இவரை எனக்குத் தெரியும் என்று கடைக்காரர் தன் பெயரில் கையெழுத்திட்டு, அன்றைக்கே அரிசியை அளந்து கொடுக்க ஒரு பொத்தான் வேண்டும். தவறினால் அவரிடம் கணக்குக் கேட்கட்டும். அந்தப் பொத்தானை வைக்க அதிக வேலை ஆகாது என்பது அந்தப் பிள்ளைகளுக்கே தெரியும்.