உதவியின் எல்லை

பிறர்க்கு உதவுதல் அறம் என்பதில் ஐயமில்லை. எனினும், எவ்வுதவி உதவியாகவே நிற்கும், எது தீங்காய் முடியும் என்பது ஆராய்தற்குரியது. இவ்வினாவுக்கு நீதிநூல்களில் மட்டுமன்று, பழைய டீசல் டிராக்டர்களைப் பழுதுபார்ப்போரின் பட்டறையிலும் விடை கிடைக்கும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. உருளைக்குள் இறுக அழுத்தப்படும் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அவ்வெப்பத்தில் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. குளிர்ந்து கிடக்கும் இரும்போ அவ்வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஆதலின், எத்துணை வலிய எஞ்சினும் முதல் அசைவுக்குப் பிறிதொன்றின் துணையை வேண்டியே நிற்கிறது.

அமெரிக்காவின் ஜான் டீர் நிறுவனம் 1949 முதல் 1954 வரை 'ஆர்' என்னும் டீசல் டிராக்டரை உருவாக்கியது. அதன் தொடக்கத் துணை ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின். அது பெரிய எஞ்சினைச் சுழற்றுவதோடு, இரண்டுக்கும் பொதுவான நீரைச் சூடாக்கி அதனைப் பக்குவப்படுத்தவும் செய்கிறது. பெரியது சொந்த வெப்பத்தால் இயங்கத் தொடங்கியதும் சிறியது விலக்கி நிறுத்தப்படும். உழுகின்ற பெருமை முழுவதும் பெரியதற்கே.

மற்றொரு வழியும் உண்டு. காற்று புகும் குழாயில் ஈதரைத் தெளித்தால் எஞ்சின் நொடியில் உறுமும். ஈதர் மிகக் குறைந்த வெப்பத்திலேயே பற்றக்கூடியது. பிஸ்டன் மேலேறி முடியுமுன்பே அது வெடிப்பின், வளையங்கள் முறியும், பிஸ்டனும் பிளக்கும். அதனினும் பெருங்கேடு ஒன்றுண்டு. தேய்ந்த வளையத்தையும், கசியும் வால்வையும், எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றையும், வலுவிழந்த பேட்டரியையும் ஈதர் மறைத்துவிடுகிறது. நோயின் மூலத்தை அறிந்தே மருந்து செய்க என்னும் வள்ளுவர் நெறிக்கு இது முற்றிலும் மாறானது.

"பனி உறைந்த காலையில் பசித்த மாடுகள் காத்திருக்கும்போது மூலத்தை ஆராய்ந்துகொண்டிருக்க இயலுமா?" என ஓர் உழவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஈதர் ஏற்கும் எஞ்சினாயின், நெருக்கடியில் ஒருமுறை அளவாய்த் தெளிப்பதைக் குற்றம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால், அன்று தெளித்தவர் ஒரு கடன் பட்டவராகிறார். மறுநாள் எஞ்சினைத் திறந்து குறையைத் தேடுவதே அக்கடனைத் தீர்க்கும் வழி. தேடாமல் மீண்டும் மீண்டும் தெளிப்பவர், உதவியின் பெயரால் அழிவையே வளர்க்கிறார்.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். தேர்வு நெருங்குகையில் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்வித்தால் மாணவன் அன்றைக்கு எழுதிவிடுவான். அவன் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க இயலாதவன் என்பது அம்மதிப்பெண்ணில் மறைந்துபோகும். அவனுக்கு வேண்டியது மெல்லச் சூடேற்றும் துணை. அத்துணைக்குக் காலம் செல்லும். பாராட்டும் கிட்டாமற் போகலாம். எனினும், தான் விலகிய பின்னும் பிறர் இயங்குமாறு செய்வதே உதவி. விலகவே முடியாதபடி செய்வது உதவியாகாது.