ஒப்பனையும் வாய்மையும்: வயதான ரேஞ்ச் ரோவரை முன்வைத்து ஓர் அறவியல் விசாரணை

ஒரு பொருளுக்கு அணி சேர்ப்பது எதுவரை அதன் இயல்பைப் போற்றுவதாக இருக்கிறது, எவ்விடத்தில் அந்த இயல்பைப் பற்றிய பொய்யாக மாறுகிறது என்ற கேள்வி கலைக்கோட்பாட்டுக்கு மட்டும் உரியதன்று; வாய்மையின் எல்லையை வரையறுக்க முயலும் எவரும் அதை எதிர்கொண்டே தீர வேண்டும். உழைப்புக்கென்று பிறந்து, செல்வத்தின் அடையாளமாக உயர்ந்து, பின் வயதாகிவிட்ட பொருள்களிடம் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. பிரிட்டனின் ரேஞ்ச் ரோவர், அதாவது கரடுமுரடான நிலத்திலும் செல்லத்தக்க நான்கு சக்கர இயக்கம் கொண்ட சொகுசுக் கார், அத்தகைய பொருள்.

1970 ஜூனில் அறிமுகமான முதல் ரேஞ்ச் ரோவரைப் பொறியாளர் சார்ல்ஸ் ஸ்பென்சர் கிங்கின் குழு உருவாக்கியது. சேற்றுக்காலோடு ஏறியவர் இறங்கிய பின் கழுவிவிடும்படி அதன் உள்ளறை வினைல் இருக்கைகளும் ரப்பர் விரிப்புமாக எளிமையாக இருந்தது. பானெட்டின் முன் மூலைகள் இரண்டும் சற்றே மேலெழுந்து நின்றன; வண்டியின் ஓரம் எங்கே முடிகிறது என்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கண்டு, பாறைக்கும் மரத்துக்கும் இடையே அதைச் செலுத்த அவை உதவின. தொழில்துறை வடிவமைப்பின் சான்றாகப் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட அந்த வண்டியின் அழகு, செய்யும் வேலையிலிருந்தே பிறந்த அழகு. 2002 முதல் 2012 வரை விற்பனையான மூன்றாம் தலைமுறைக்குள் தோலும் மரமும் உள்ளறையை நிரப்பிவிட்டன. அந்தப் பத்தாண்டுக்குள் முகப்பு விளக்குகளும், கிரில் எனப்படும் முன் வலைச்சட்டமும், பக்கவாட்டுக் காற்றுத் துளைகளின் வடிவமும் மாறின. தொடக்க ஆண்டுகளின் வண்டியை வைத்திருப்போர் பலர் பிந்தைய ஆண்டுகளின் கிரில்லையும் விளக்கையும் பம்பரையும் வாங்கிப் பொருத்துவதும், குரோம் பூச்சுள்ள கண்ணாடி உறைகளையும் பெரிய ரிம்களையும் சேர்ப்பதும் இதன் தொடர்ச்சியே.

இச்செயலைப் பற்றிய மிகப் பழைய கண்டனம் பிளேட்டோவின் கோர்கியாஸ் உரையாடலில் கிடைக்கிறது. உடற்பயிற்சி உடலுக்கு உண்மையான நலம் தருகிறது என்றும், ஒப்பனையோ அந்த நலத்தின் தோற்றத்தை மட்டும் தந்து ஏமாற்றுகிறது என்றும் சாக்ரட்டீஸ் அதில் வாதிடுகிறார். மூன்றாம் தலைமுறை ரேஞ்ச் ரோவருக்கு இவ்வாதம் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. எஃகுச் சுருள்களுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர்ப் பைகளே அவ்வண்டியைத் தாங்குகின்றன; வயதாக ஆகப் பைகள் வெடிப்புற்றுக் காற்று கசிய, அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் கம்ப்ரசரும் பழுதாகிறது. பைகளை மாற்ற வேண்டிய பணம் கிரில்லுக்குப் போகுமானால், பிளேட்டோவின் கண்டனத்துக்கு மறுமொழி இல்லை. எனினும், பைகளை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு கிரில்லையும் மாற்றுபவரைப் பற்றி அவர் வாதம் எதுவும் சொல்வதில்லை; நலத்துக்குப் பதிலாக வரும் ஒப்பனையையும் நலத்தோடு சேர்ந்து வரும் ஒப்பனையையும் அது பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த வேறுபாட்டைக் காண, கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி துணைசெய்கிறார். அணி என்பது தேவைக்கு மேல் ஒட்டப்பட்ட மிகையன்று, ஒரு பொருள் தன் வேலையைச் செய்வதற்கு வேண்டிய நிறைவே முற்காலப் பண்பாடுகளில் அணியாகக் கருதப்பட்டது, வேலையிலிருந்து பிரிந்த வெறும் அலங்காரம் பிற்காலச் சரிவின் விளைவு என்பது 1939-இல் வெளியான கட்டுரையில் அவர் நிறுவ முயன்ற கருத்து. முதல் ரேஞ்ச் ரோவரின் உயர்ந்த பானெட் மூலைகள் இந்தப் பொருளில் முழுமையான அணி. பக்கவாட்டில் தாழ்வாகப் பொருத்தப்படும் குழாய்ப் படிகளோ, ஏறுவதற்கு வசதி தந்தாலும், மேட்டைக் கடக்கையில் முதலில் தரையில் இடிப்பவை. மிகப் பெரிய ரிம்மும் அதற்கேற்ற மெல்லிய டயரும் மணலில் காற்றைக் குறைத்து ஓட்டும் வாய்ப்பைச் சுருக்குபவை. பொருளின் சிறப்பாற்றலை அழித்து அதன் புகழை மட்டும் மினுக்கும் இவற்றை அணியென்று அழைப்பது கடினம். ஆனால் நகரத்தை விட்டு வெளியே போகாத வண்டிக்கு இவை பெரும் இழப்பாகா. இவ்வகை வண்டிகளை நகரத்தில் ஓட்டும் வழக்கத்தையே ஸ்பென்சர் கிங் தம் முதுமையில் கடுமையாகக் குறைகூறினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

உண்மையான தீங்கு வேறோரிடத்தில் இருக்கிறது. ஸ்நார்க்கெல் என்பது எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுத்துவரும் குழாய். வெள்ளத்தைக் கடக்கவும், பாலைவனத்தில் தூசி குறைந்த காற்றைப் பெறவும் அது பயன்படுகிறது. தோற்றத்துக்காக மட்டும் பக்கத்தகட்டில் பொருத்தப்பட்டு, எஞ்சினின் காற்றுவழியோடு இணைக்கப்படாத ஸ்நார்க்கெல்களும் உண்டு. மூன்றாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் கடக்கத்தக்கதென்று நிறுவனம் சொன்ன நீராழம் 700 மில்லிமீட்டர். குழாயைக் கண்டு அதைவிட ஆழமான நீரில் ஒருவர் இறங்கினால், எஞ்சின் தன் பழைய தாழ்ந்த வாயிலாகத் தண்ணீரையே உறிஞ்சும். காற்றை அழுத்தவல்ல பிஸ்டனால் நீரை அழுத்த இயலாதாகையால் பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். பொருத்தியவருக்குத் தெரிந்திருந்த உண்மை, வண்டியை அவரிடமிருந்து வாங்கியவருக்குத் தெரியாமற் போயிருக்கலாம். வாயால் சொல்லாத பொய்யும் பொய்யே என்பதற்கும், அது சொன்னவரை விட்டகன்ற பின்னும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இதற்கு எதிராக எழக்கூடிய தத்துவ மறுப்பு ஒன்றுண்டு. மிலிந்த பஞ்ஹ என்னும் பௌத்த நூலில் நாகசேனர் என்ற துறவி, மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் அவன் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா, நுகம் தேராகுமா என்று ஒவ்வொன்றாக வினவி, உறுப்பு எதிலும் தேர் இல்லை, உறுப்புகளுக்கு அப்பாலும் இல்லை, உறுப்புகள் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்ற முடிவுக்கு அவனைக் கொண்டுவருகிறார். அவ்வாறாயின் உண்மையான 2002-ஆம் ஆண்டு ரேஞ்ச் ரோவர் என்று நிலையான ஒரு சாரம் இல்லை. இல்லாத சாரத்துக்குத் துரோகம் செய்வது எங்ஙனம் என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் நாகசேனரின் வாதம் செல்லும் திசை இதற்கு நேர்மாறானது. பெயருக்கு அடியில் சாரம் இல்லையென்றால், பெயரைத் தாங்கி நிற்பது மனிதர் தமக்குள் கொண்ட வழக்கம் ஒன்றே. தாங்க வேறெதுவும் இல்லாத காரணத்தாலேயே அவ்வழக்கத்தை நேர்மையாகக் கையாளும் கடமை பெரிதாகிறது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டியின் பின்கதவில் சூப்பர்சார்ஜ்டு என்னும் பேட்ஜை ஒட்டுபவர், வண்டியின் சாரத்தைக் கெடுக்கவில்லை என்பது மெய். அவர் கெடுப்பது, அப்பெயரை நம்பிப் பேசும் அனைவருக்கும் பொதுவான மொழியை.

வயதை மறைப்பது இவற்றோடு ஒப்பச் சிறிய குற்றம். ஒருவகையில் குற்றமே அன்று. பிரிட்டனின் நம்பர் பிளேட்டுகளில் பதிவான காலத்தைக் காட்டும் குறியீடு உண்டு. வண்டியை உள்ளதைவிடப் புதியதாகக் காட்டும் எண்ணைப் பொருத்த அந்நாட்டுச் சட்டம் தடைவிதிக்கிறது, ஆயின் காலக்குறியீடே இல்லாத எண்ணைப் பொருத்தி வயதைச் சொல்லாமல் விடுவதை அனுமதிக்கிறது. மௌனத்துக்கும் பொய்க்கும் இடையே இவ்விதி வகுத்த கோடு, பல அறநூல் விவாதங்களைக் காட்டிலும் தெளிவானது. அதன்படி நோக்கினால், பிந்தைய ஆண்டின் கிரில்லைப் பழைய வண்டிக்கு அணிவிப்பவர், ஆண்டு கேட்கப்படும்போது மெய்யைச் சொல்லும் வரையில், கண்ணுக்கு இனிமை தேடியவர் மட்டுமே. அவரை இகழ்வதற்கு எக்காரணமும் இல்லை. பொய்ப் பேட்ஜை ஒட்டியவர் விற்கும்முன் அதை அகற்றவோ, உண்மையை எழுதித் தரவோ கடமைப்பட்டவர். இணைப்பில்லாத ஸ்நார்க்கெலுக்கு எழுதித் தருவதும் போதாது. அந்தத் தாள் அடுத்தடுத்த உரிமையாளருக்கு வண்டியோடு போய்ச் சேரும் என்பதற்கு உறுதி இல்லையாதலால், அதை எஞ்சினோடு முறைப்படி இணைக்க வேண்டும், இயலாவிடில் கழற்றிவிட வேண்டும்.