அறுந்த குருவழி

1787இல் லண்டனில் கார்ல் ஃப்ரீட்ரிக் ஆபெல் இறந்ததோடு வயோலா ட காம்பா ஏறக்குறைய ஊமையாகிவிட்டது. செல்லோ பயின்ற ஜோர்டி ஸவால் 1965இல் அதைக் கையிலெடுத்தபோது குருவழி அறுந்து தலைமுறைகள் ஆகியிருந்தன. மிஞ்சியது காகிதம். மாரின் மாரே தம் தொகுதிகளில் விரலுக்கும் வில்லுக்கும் குறியிட்டுப் போயிருக்கிறார். 1711 தொகுதியில் வில்லை எங்கே அழுத்தி ஒலியைப் பெருக்குவது என்பதற்குக்கூட ஒரு சின்ன எழுத்து. எவ்வளவு என்பதற்குக் குறி இல்லை. அந்த ‘எவ்வளவு’ வாசிப்பவன் உடம்பிலிருந்துதான் வந்தாக வேண்டும். குறிக்குக் கீழ்ப்படிவதே விசுவாசம் என்பவர்கள் (இவர்கள் எல்லாக் கலையிலும் உண்டு) இதைப் பார்ப்பதில்லை. மறுத்துப் பேச வாயில்லாத ஒருவன் பெயரில் பேசுகிறோம் என்ற கூச்சம் வாசிப்பவனுக்கு இருக்கிறதா என்பதே என் கேள்வி. ஸவாலின் மெதுவான வாசிப்பில் அந்தக் கூச்சம் எனக்குக் கேட்கிறது. வேகமானவற்றில், சில சமயம், கைதட்டல்தான் முன்கூட்டியே கேட்கிறது.