பழுதைச் சொல்லாமல் விற்கலாமா?

பாவித்த பொருளை வாங்குவதும் விற்பதும் நமக்குப் புதிய வழக்கமன்று. சைக்கிள், தையல் இயந்திரம், வானொலிப் பெட்டி என்று எத்தனையோ பொருள்கள் ஒரு வீட்டில் உழைத்து, பின்னர் இன்னொரு வீட்டிற்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அப்பொழுதெல்லாம் வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பார். சைக்கிளை ஒருமுறை ஓடிப் பார்ப்பார். விற்பவரின் முகத்தையும் பார்ப்பார். இன்று இவை மூன்றும் இல்லாமலே வியாபாரம் நடைபெறுகின்றது. இணையத்தில் ஒரு படம், நான்கு வரி விளக்கம், ஒரு விலை, அவ்வளவுதான். காசு முதலில் போகின்றது, பொருள் பின்னர் தபாலில் வருகின்றது. இந்நிலையில் மிகப் பழைய வினா ஒன்று புதிய கூர்மையோடு நம்முன் நிற்கின்றது. தன் பொருளிலுள்ள பழுதை அறிந்த ஒருவன், வாங்குபவன் கேளாவிட்டாலும் அதைச் சொல்லக் கடமைப்பட்டவனா?

இவ்வினாவைப் பொதுவாகக் கேட்டால், "ஆம், கடமைதான்" என்று எல்லோரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவோம். ஆகவே குறித்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு சிந்திப்போம். கணினி வைத்திருக்கும் வீடுகளில் இன்று பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பொருள்களுள் ஒன்று கிராபிக்ஸ் கார்ட். புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் இணையத்தில் பாவித்த கார்ட்டைத் தேடுகிறார்கள்.

பொருளும் பழுதும்

கணினித் திரையில் தோன்றும் உருவங்களைக் கணக்கிட்டு வரைந்து தருவது இந்தக் கார்ட்டின் வேலை. ஒரு பெரிய சில்லு, அதைச் சுற்றி நினைவகச் சில்லுகள், சூட்டைத் தணிக்க உலோகத் தகடுகளும் விசிறிகளும்: இதுவே அதன் உடல். 2020, 2021ஆம் ஆண்டுகளில் இவற்றுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. எதேரியம் என்னும் மின்நாணயத்தை ஈட்டுவதற்காக இக்கார்ட்டுகளைப் பகலிரவாக ஓடவிட்டவர்களும் அதற்கு ஒரு காரணம். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எதேரியம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது அந்த வேலை ஒரே நாளில் இல்லாமற் போயிற்று. வேலையிழந்த கார்ட்டுகள் பாவித்த பொருட் சந்தைக்கு வந்து குவிந்தன.

ஓய்வின்றி ஓடியது என்பதனால் மட்டும் ஒரு கார்ட் பழுதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆயினும் விசிறிகள் தேய்ந்திருக்கலாம். சில்லுக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே பூசப்படும் களிம்பு காய்ந்திருக்கலாம். நினைவகம் நீண்ட காலச் சூட்டினால் நலிந்திருக்கலாம். இவற்றில் எதையும் படத்தில் காண இயலாது. கணினியை இயக்கியவுடன் கூட எல்லாம் சரியாகவே தோன்றும். பாரமான வேலை ஒன்றைக் கொடுத்துச் சற்று நேரம் சென்ற பின்னரே திரையில் நிறப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும், அல்லது திரை கறுத்துப்போகும்.

இதிலும் மோசமான இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, செத்துப்போன கார்ட்டைக் கேக் சுடும் போறணையில் சில நிமிடம் வைத்துச் சூடாக்கி எழுப்புவது. சில வேளைகளில் அது எழும்பும். ஆனால் பெரும்பாலும் சில நாளோ சில வாரமோதான் ஓடும். (உணவு சமைக்கும் அடுப்பில் இதைச் செய்வது உடல்நலத்திற்கும் கேடு.) அந்தச் சில நாள்களுக்குள் அதை விற்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். மற்றது, பழைய கார்ட்டின் உள்ளே எழுதப்பட்டுள்ள பயோஸ் என்னும் அடிப்படைக் கட்டளைகளை மாற்றி, அது தன்னைப் புதிய கார்ட் என்று கணினிக்கு அறிவிக்கும்படி செய்வது. 2010இல் வெளிவந்த ஜி.ரி.எஸ். 450 போன்ற கார்ட்டுகள், 2016இல் வெளிவந்த ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. என்ற பெயரில் இவ்வாறு விற்கப்பட்டன. இந்த மோசடி பரவியதனால், கார்ட்டின் விவரங்களைக் காட்டும் ஜி.பி.யூ.-இசட் என்ற மென்பொருளில் 2018ஆம் ஆண்டு போலிகளை இனங்காணும் வசதியும் சேர்க்கப்பட்டது.

தீர்ப்பிடுமுன் விசாரணை

வாங்கிய கார்ட் ஓடவில்லை என்றதும் "கள்ளன் ஏமாற்றிவிட்டான்" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படலாகாது. முகம் தெரியாத விற்பனையாளனுக்கும் நற்பெயர் உண்டு. விசாரியாமல் அதைக் கெடுப்பது அநீதி. இங்கே பழுது தேடும் முறையே ஒரு நீதி விசாரணை போல அமைந்திருப்பதைக் காணலாம். அது நம் வீட்டிலிருந்தே தொடங்குகின்றது.

முதலில் கார்ட்டைக் கழற்றி மீண்டும் நன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். திரைக்குச் செல்லும் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். மின்சாரம் போதுமானதா என்று பார்க்க வேண்டும். மதர்போர்ட்டிலுள்ள பொருத்துமிடம் 75 வோட் வரையே தரும். ஆறு ஊசி இணைப்பு இன்னொரு 75 வோட்டும், எட்டு ஊசி இணைப்பு 150 வோட்டும் தருவதற்கென அமைந்தவை. பழைய, வலுக்குறைந்த பவர் சப்ளை உள்ள கணினியில் நல்ல கார்ட்டும் பாரம் ஏறியவுடன் நின்றுபோகும். அடுத்து, பழைய டிரைவர் மென்பொருளை முற்றாக நீக்கிவிட்டுப் புதிதாக இட வேண்டும். விண்டோஸ் "பிழை 43" என்று காட்டினால் கார்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. மின்நாணய வேலைக்காக பயோஸ் மாற்றப்பட்ட கார்ட்டுகளிலும் இப்பிழை தோன்றும். முன்னைய பயோஸை மீண்டும் எழுதினால் அவற்றுள் பல குணமாகிவிடும். இறுதியாக, அதே கார்ட்டை ஒரு நண்பரின் கணினியில் பொருத்தி, ஃபர்மார்க் போன்ற சோதனையை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கணினிகளிலும் ஒரே குறை தோன்றினால் மட்டுமே குறை கார்ட்டில் உள்ளது என்று நியாயமாகச் சொல்லலாம்.

அப்பொழுதும் ஒரு வினா மிஞ்சுகின்றது. கார்ட்டில் பழுது உண்டு என்பது தெரிந்துவிட்டது. விற்றவன் அதை அறிந்திருந்தானா? தபாலில் வரும் வழியில் அடிபட்டும் அது பழுதடைந்திருக்கலாம் அல்லவா?

பழையவர்கள் கண்ட தீர்வு

இது பற்றி மனிதர் நெடுங்காலமாகவே விவாதித்து வந்திருக்கின்றனர். கி.மு. 44இல் உரோமை அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலில், நோய் தரும் வீடு ஒன்றை அதன் குறை சொல்லாமல் விற்கும் மனிதனை எடுத்துக்காட்டுகிறார். சட்டம் கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு தத்துவ ஞானியின் கட்சி. சொல்லியே ஆக வேண்டும் என்பது மற்றவரின் கட்சி. மறைப்பதனால் தனக்கு இலாபம், அறியாததனால் மற்றவனுக்கு நட்டம் என்றிருக்குமிடத்தில், மௌனமும் வஞ்சகமே என்று சிசரோ இரண்டாமவர் பக்கம் நின்றார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 77ஆம் வினாவில் இதை ஆராய்ந்தார். அவர் கண்ட தெளிவு இன்றும் உதவுகின்றது. வெளியே தெரியும் குறையை, உதாரணமாகக் குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பதை, விலையைத் தக்கபடி குறைத்திருந்தால் சொல்லாமல் விடலாம். ஆனால் மறைவான குறை வாங்குபவனுக்கு நட்டத்தையோ ஆபத்தையோ விளைக்குமானால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அறிந்தும் மறைத்து விற்றவன் வஞ்சித்தவன். அவன் நட்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன். அறியாமல் விற்றவன் குற்றவாளி அல்லன். ஆயினும் உண்மை தெரிய வந்ததும் அவனும் ஈடுசெய்ய வேண்டும். "நான் அறியவில்லை" என்ற சொல் அவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கின்றது, கடனிலிருந்து விடுவிப்பதில்லை.

இதை நம் கார்ட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். உடைந்த விசிறி படத்தில் தெளிவாகத் தெரிந்தால் அது ஒற்றைக்கண் குதிரை. பாரம் ஏறியதும் தோன்றும் கோடுகளோ மறைவான குறை. போறணையில் சூடாக்கி எழுப்பிய கார்ட்டும் அவ்வாறே. "இன்று ஓடுகின்றது" என்று அதன் சொந்தக்காரன் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்பவன் "நாளையும் ஓடும்" என்று விளங்கிக்கொள்வான் என்பது அவனுக்குத் தெரியும்.

இன்னொரு வகை விற்பனையாளரும் உண்டு. "சோதித்துப் பார்க்கவில்லை" என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். உண்மையாகவே சோதிக்க வசதியில்லாதவர் அப்படி எழுதினால் அது நேர்மை. வாங்குபவர் அந்த ஆபத்தை அறிந்தே விலை பேசுவார். சோதித்துப் பார்த்து, ஓடாது என்று கண்டபின் அவ்வாறு எழுதினால் அது பொய். சோதிக்க வசதியிருந்தும், உண்மை தெரிந்துவிடும் என்று அஞ்சிச் சோதியாமல் விடுபவரின் அறியாமை, அவர் தாமே வேண்டி வளர்த்த அறியாமை. மனச்சாட்சியின் முன் அது சாட்டாகாது.

தன் பொருளின் குறையை முன்கூட்டியே எல்லோருக்கும் பறைசாற்ற வேண்டியதில்லை, வாங்க வருபவனிடம் சொன்னால் போதும் என்றும் அக்குவினாஸ் கூறுகிறார். கடைத்தெருவுக்கு இது பொருந்தும். இணைய வியாபாரத்திலோ வாங்க வருபவன் காண்பது பெரும்பாலும் விளம்பரம் ஒன்றையே. அதைப் படித்தவுடன் காசு அனுப்புகிறான். ஆகவே குறை அங்கேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே இந்தப் போதனையின் இன்றைய பொருள்.

ஏமாந்தவனின் சோதனை

இதுவரை விற்பவனைப் பற்றிப் பேசினோம். கடினமான பகுதி இனித்தான் வருகின்றது. மாதக்கணக்கில் சேர்த்த காசைக் கொடுத்து ஒரு மாணவன் கார்ட் வாங்குகிறான். ஒரு மாதம் சென்றபின் அது பழுதென்று தெளிவாகின்றது. விற்றவன் பதில் தருவதில்லை. திருப்பி அனுப்பும் தவணையும் கடந்துவிட்டது. "நீயும் ஒரு விளம்பரம் போடு, வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்று நண்பர்கள் ஆலோசனை சொல்கிறார்கள். அவனுக்கு அது நியாயமாகவே படுகின்றது. அவன் களவெடுக்க நினைக்கவில்லை. இழந்ததைத் திரும்பப் பெற நினைக்கிறான்.

ஆனால் யாரிடமிருந்து பெறப்போகிறான்? அவனை வஞ்சித்தவனிடமிருந்து அன்று. அவனைப் போலவே காசு சேர்த்து வைத்திருக்கும் இன்னொரு மாணவனிடமிருந்து. கடன்பட்டவன் ஒருவன், அறவிடப்படுபவன் வேறொருவன். அந்த இரண்டாமவனும் இதே நியாயத்தைச் சொல்லி மூன்றாமவனுக்கு விற்பான். பழுதான கார்ட் கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கையிலும் முதலில் ஏமாந்தவன் ஒருவனும் பிறகு ஏமாற்றுபவன் ஒருவனும் உருவாவார்கள். ஏமாற்றப்பட்டமை எவருக்கும் ஏமாற்றும் உரிமையைத் தருவதில்லை.

அப்படியானால் நட்டம் முழுவதையும் அவனே விழுங்க வேண்டுமா? அதுவும் தேவையில்லை. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர், பின்னர் ஈபே என்று பெயர் பெற்ற இணைய ஏலத்தளத்தைத் தொடங்கினார். அதில் முதலாவதாக விற்பனையான பொருள் அவருடைய பழுதடைந்த லேசர் சுட்டுக்கருவி. பழுது என்று சொல்லியே விற்றார். 14 டொலர் 83 சதத்திற்குப் போயிற்று. அது ஓடாது என்பது விளங்குகிறதா என்று வாங்கியவரிடம் மீண்டும் கேட்டார். பழுதடைந்த இத்தகைய கருவிகளைத்தான் நான் சேர்க்கிறேன் என்று பதில் வந்ததாம்.

பழுதான பொருளை விற்பது குற்றமன்று என்பதற்கு இது நல்ல உதாரணம். ஓடாத கார்ட்டின் விசிறிகளுக்கும் உலோகத் தகட்டுக்கும் தேவை உண்டு. திருத்துபவர்கள் உதிரிப் பாகங்களுக்காக வாங்குவார்கள். "பழுது; பாரம் ஏறினால் திரையில் கோடு விழும்; உதிரிப் பாகங்களுக்கு மட்டும்" என்று எழுதி விற்பவன் எவரையும் வஞ்சிக்கவில்லை. கிடைக்கும் காசு சிறிது. அது நேர்மையான காசு.

வாங்குபவனுக்கும் இதே அளவுகோல்தான். தன் வீட்டுப் பழைய கார்ட்டைப் பெட்டியில் வைத்து, "நீ அனுப்பியது பழுது" என்று திருப்பி அனுப்புகிறவன் விற்பவனைக் கொள்ளையிடுகிறான். விற்பவன் தவறுதலாகக் கூடிய பெறுமதியான கார்ட்டை அனுப்பிவிட்டாலும் பேசாமல் வைத்துக்கொள்ள முடியாது. பித்தளை என்று நினைத்துப் பொன்னை விற்றவனுக்கு, வாங்கியவன் ஈடுசெய்ய வேண்டும் என்று அக்குவினாஸ் எழுதியிருக்கிறார்.

"வாங்குபவனே பார்த்து வாங்கட்டும்" என்பார்கள். பார்த்து வாங்குவது விவேகம்தான். ஆனால் அவனுடைய விவேகக் குறைவு நமக்கு உரிமையாகிவிடாது. சந்தை முழுவதையும் பாதிக்கும் தீங்கும் இதில் உண்டு. பொருளியலறிஞர் ஜோர்ஜ் அகெர்லொவ் 1970இல் பாவித்த கார்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். நல்லதையும் பழுதையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குபவர்கள் எல்லாவற்றிற்கும் குறைந்த விலையே கொடுப்பார்கள். அந்த விலைக்கு நல்ல பொருளை விற்க மனமில்லாதவர்கள் விலகிப்போவார்கள். கடைசியில் சந்தையில் பழுது மட்டுமே எஞ்சும். 2001ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மறைப்பவனால் முதலில் பாதிக்கப்படுபவன் நேர்மையான விற்பனையாளனே. பாவித்த பொருளை நம்பியிருக்கும் வசதி குறைந்த குடும்பங்கள் அதன்பின் எங்கே போவது?

பெற்றோருக்கு ஒரு சொல். வாங்கும்போது பொதியைத் திறப்பதை வீடியோவாக எடுத்து வைக்கவும், தவணை முடியுமுன் கார்ட்டைச் சோதிக்கவும், குறை காணின் ஏசாமல் ஆதாரத்துடன் விற்றவருக்கு எழுதவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை ஒரு பொருளை விற்க விளம்பரம் எழுதும்போதும் அருகிலிருந்து வாசித்துப் பாருங்கள். தெரிந்த குறை எழுதப்படவில்லையாயின் அந்த ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். விலை குறையத்தான் செய்யும். குறைகின்ற அந்தத் தொகை ஒருபோதும் நமக்கு உரியதாய் இருந்ததில்லை.