நோயின் பெயரும் ‘நான்’ என்னும் சொல்லும்

புது தில்லியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்த பகுதிக்குச் சாணக்யபுரி என்று பெயர். சாணக்யர், கௌடில்யர், விஷ்ணுகுப்தர் ஆகிய மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று மரபு கூறுகிறது. பெயர்கள் மூன்றானாலும் மனிதர் ஒருவர். இதில் நமக்குக் குழப்பம் ஏதும் தோன்றுவதில்லை. ஆனால் மூன்று நோய்ப் பெயர்கள் ஒரே மனிதருக்குச் சூட்டப்படும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. “சுவாமிஜி, ஒரு மருத்துவர் மனச்சோர்வு என்றார், மற்றொருவர் பதற்ற நோய் என்றார், மூன்றாமவர் இருமுனை மனநிலைக் கோளாறு என்கிறார். இவற்றில் நான் எது?” என்று சத்சங்கத்திற்கு வரும் இளைஞர்கள் இன்று கேட்கிறார்கள்.

இது ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் இதனுள் இரண்டு கேள்விகள் உள்ளன. ‘எனக்கு வந்திருப்பது எது?’ என்பது ஒன்று. அதற்கு மருத்துவம் விடை தேடும். ‘நான் யார்?’ என்பது மற்றொன்று; அதற்கு வேதாந்தம் வழிகாட்டும். முதற்கேள்விக்குரிய விடையை இரண்டாவதற்கு விடையாக ஏற்றுக்கொள்ளும்போது, நோயின் துன்பத்தோடு வேறொரு துன்பமும் சேர்ந்துகொள்கிறது.

பெயர்கள் பலவாவது ஏன்?

சர்க்கரை நோயை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். பெரும்பாலான மனநோய்களுக்கு அத்தகைய பரிசோதனை இல்லை. உறக்கம், பசி, அச்சம், ஊக்கம் ஆகியவற்றில் காணும் மாறுதல்களையும், அவை எவ்வளவு காலம் நீடித்தன என்பதையும் கேட்டறிந்தே மருத்துவர் நோய்க்குப் பெயரிடுகிறார். உறக்கமின்மையும் கவனச்சிதறலும் பல நோய்களின் அறிகுறிப் பட்டியலில் உள்ளன. ஆகவே ஒருவருக்கு இரண்டு மூன்று பெயர்கள் பொருந்திவருவதில் வியப்பில்லை. 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஓராண்டுக் காலத்தில் மனநோய்க்கு ஆளானவர்களுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருந்ததாகத் தெரியவந்தது.

பட்டியல்களும் காலந்தோறும் மாறுகின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில், ‘ஆட்டிசம்’ உள்ளவருக்கு ‘ஏ.டி.எச்.டி.’ என்ற பெயரையும் சேர்த்து வழங்கக் கூடாது என்ற விதி முன்பு இருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தத் தடையை நீக்கியது. அதே பதிப்பில் ‘ஆஸ்பெர்கர்’ என்ற தனிப்பெயர் ஆட்டிசத்தினுள் அடக்கப்பட்டது. பல்லாண்டுகளாக அப்பெயராலேயே தம்மை அறிந்துவந்தவர்கள் அந்தப் பதிப்போடு இல்லாமல் போய்விட்டார்களா? பெயர் போயிற்று, பெயரைத் தாங்கியவர் இருக்கிறார்.

சொல்லின் வலிமை

பெயரே வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. ‘சோம்பேறி’ என்று பல காலம் வசைபட்ட ஒருவர், தம்மிடம் இருப்பது குணக்கேடன்று, சிகிச்சைக்குரிய நோய் என்று அறியும்போது பெறும் ஆறுதல் பெரிது. சரியான பெயர் சரியான மருந்துக்கு வழிவகுத்து உயிரையே காக்கக்கூடும்.

எனினும், சொல்லே சுமையாவதும் உண்டு. ‘ஸ்கிட்சோஃப்ரீனியா’ என்னும் நோயை ஜப்பானியர் ‘மனம் பிளவுபட்ட நோய்’ என்று பொருள்படும் சொல்லால் வழங்கிவந்தனர். நோயாளிகளின் குடும்பத்தினர் சங்கம் 1993-இல் விடுத்த வேண்டுகோளைத் தொடர்ந்து, 2002-இல் ‘ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்ற பொருளுடைய பெயர் ஏற்கப்பட்டது. தங்கள் நோயின் பெயர் தெரிவிக்கப்பட்ட நோயாளிகள் 2002-இல் ஏறக்குறைய 37 விழுக்காடு. 2004-இல் அது 70 விழுக்காட்டை நெருங்கியது. முன்பு மருத்துவரே சொல்லத் தயங்கிய சொல் அது! தமிழில் அந்நோயை நாம் ‘மனச்சிதைவு’ என்கிறோம். மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

இலக்கணத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. ‘எனக்குக் காய்ச்சல்’ என்கிறோம். ‘நான் காய்ச்சல்’ என்று யாரும் சொல்வதில்லை. காய்ச்சல் எனக்கு வந்தது, என்னை விட்டுப் போகும். மனநோய் என்று வரும்போதோ, ‘அவன் பைத்தியம்’ என்று கூசாமல் சொல்லிவிடுகிறோம். ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு மறைய, நோயே ஆளாகிவிடுகிறது.

படிகமும் பூவும்

செம்பருத்திப் பூவின் அருகில் வைத்த படிகம் சிவப்பாகத் தோன்றும். ஒன்றன் இயல்பை மற்றொன்றின் மீது ஏற்றிக் காண்பதை வேதாந்தம் ‘அத்யாசம்’ என்கிறது. அருகில் வெவ்வேறு நிறப் பூக்கள் இருந்தால் நிறங்கள் கலந்து தோன்றும். எது எந்தப் பூவின் நிறம் என்று பிரித்தறிவதும் கடினம். படிகத்திற்கோ அவற்றுள் எந்த நிறமும் இல்லை.

இந்த உவமையைப் பாதியளவே புரிந்துகொண்ட அன்பர்கள், “நீ மனமல்ல, ஆத்மா, உனக்கு மருந்து எதற்கு?” என்று நோயாளியிடம் கூறிவிடுகிறார்கள். இது பெருந்தவறு. கால் முறிந்தவரிடம் ‘நீ உடலல்ல’ என்று சொல்லிவிட்டுக் கட்டுப் போடாமல் இருப்போமா? பூவை அகற்றுவது மருத்துவத்தின் பணி. படிகம் சிவப்பன்று என அறிவது விவேகத்தின் பணி. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது வைராக்கியமும் ஆகாது. ‘பக்தி குறைவு’, ‘பூர்வ கர்மம்’ என்று நாம் ஒட்டும் சீட்டுகளும் சீட்டுகளே. அவற்றால் நோயாளியின் பாரம் கூடுமேயன்றிக் குறையாது.

“சென்ற மாதம் மனம் பாரமாக இருந்தது, இந்த வாரம் இலேசாக இருக்கிறது” என்று ஒருவர் மருத்துவரிடம் சொல்கிறார். பாரத்தையும் இலேசையும் அறிந்தவர் அவ்விரண்டிற்கும் வேறானவர் அல்லவா? அந்தச் சாட்சியை எந்தப் பட்டியலிலும் சேர்க்க இயலாது. நோய் கடுமையாக உள்ள நாள்களில் இதை அவரால் நினைக்க முடியாமல் போகலாம். அப்போது அவருக்காக இதை நினைவில் வைத்திருப்பது உற்றாரின் கடமை.

நமது கடமை

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த இல்லம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. ஒருவர் முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே அவர் இன்றும் நோயாளி என்பதற்கு ஆதாரமாகாது என்றும், மனநோய் உள்ளது என்பதாலேயே அவரைச் சித்த சுவாதீனமற்றவராகக் கருதலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது.

இரும்புச் சங்கிலியைச் சட்டம் நீக்கலாம். பெயர் என்னும் சங்கிலியை நீக்குவது நம் நாவின் பொறுப்பு. நம் இல்லத்திலோ சத்சங்கத்திலோ இத்தகைய துன்பத்தோடு ஒருவர் வரும்போது, அவரது நோயின் பெயரைக் கேட்பதற்கு முன் அவருடைய பெயரைக் கேட்போம். சிகிச்சைக்குத் துணை நிற்போம். பேச ஆளில்லாதவர்களுக்கு 14416 என்ற எண்ணில், 2022-இல் தொடங்கப்பட்ட அரசின் ‘டெலி மானஸ்’ சேவை இருப்பதைத் தெரிவிப்போம். அவருள் ஒளிரும் சாட்சியை இறைவனின் இருப்பிடமாகக் கண்டு வணங்கினால், அதுவே நாம் அவருக்குச் செய்யும் சேவையும் நமக்குரிய சாதனையும் ஆகும்.