கடல் யாருக்குச் சொல்கிறது?

பயணம் போனால் மலையில் கர்த்தரின் உறுதியையும் பூவில் அவர் பராமரிப்பையும் பார்ப்பது கிறிஸ்தவர்களுக்குப் பழகிய விஷயம். தனுஷ்கோடியில் அது அவ்வளவு சுலபமில்லை. 1964 டிசம்பர் புயலில் ஊர் போனது. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு போனது. தேவாலயத்தில் சுவர்கள்தான் மிச்சம்.

பூ அவருடைய அன்பைச் சொன்னால், அலை அவருடைய கோபத்தைச் சொல்கிறதா? "ஆண்டவர் தண்டிச்சிட்டார்"னு சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற கணக்கை இயேசு ஏற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார்.

இயற்கையில் பாடம் தேடலாம், தப்பில்லை. அது எனக்கான பாடமாக இருக்கவேண்டும். செத்தவர்களுக்கு எழுதும் தீர்ப்பாக மாறினால், அது பக்தி இல்லை, இரக்கமின்மை.