ஒதுங்கிப் போன சுந்தரர்

(குருபூசை விழாச் சொற்பொழிவிலிருந்து)

ஒரு நாள் திருவாரூர்ல என்ன நடந்தது? தேவாசிரிய மண்டபத்தில் அடியார் கூட்டம். மேனியெல்லாம் நீறு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் வருகிறார், பார்க்கிறார். இவர்களுக்கு நான் அடியவனாவது எந்நாளோ என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி, நேரே பெருமானிடம் போய்விடுகிறார். கர்வம் இல்லீங்க. உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கொண்டுதான் போனார். அது கூச்சம் என்றுதான் எனக்குப் படுகிறது. 'சாமி, கோயில் பிடிக்கும், கூட்டம் பிடிக்காது' என்று என்னிடம் வந்து சொல்கிறவர்கள் எத்தனை பேர்! அதோ, தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருக்கிற தம்பி, நீங்களும் அந்தக் கட்சிதானே? சிரிக்கிறார். இருங்க, அங்கேயே இருங்க, குற்றமில்லை.

ஆனால் அடியார்களை வெளிப்படக் கும்பிடாமல் போனவரை, அந்தக் கூட்டத்தில் இருந்த விறன்மிண்டர் விடுவாரா? மலைநாட்டுச் செங்குன்றூர்க்காரர். சுந்தரருக்கும் இந்தக் கூட்டத்தில் இடமில்லை, அவரை ஆட்கொண்ட சிவனுக்கும் இடமில்லை என்றுவிட்டார். சிவனையே வெளியே நிறுத்திவிட்டாருங்க! அப்புறம்தான் சுந்தரர் அந்த அடியார்களைப் பாட, திருத்தொண்டத்தொகை பிறந்தது. 11 பாட்டு. தனியடியார் 60 பேர், தொகையடியார் 9 கூட்டம். தன்னைத் தள்ளிவைத்த விறன்மிண்டர் எங்கே இருக்கிறார்? முதல் பாட்டிலேயே இருக்கிறார். திருநீலகண்டக் குயவர், அதிபத்தர், கண்ணப்பர், திருநாளைப்போவார், எல்லாரும் உண்டு. தகப்பன் காலை வெட்டிய சண்டீசரும் உண்டு, மழு ஏந்திய எறிபத்தரும் உண்டு. இவர் முரடர், இவரை விட்டுடலாம் என்று ஒருத்தரையும் கழிக்கவில்லை.

எறிபத்தர் என்றதும் கரூர் ஞாபகம் வருது. சிவகாமியாண்டார் என்ற அடியார் சாமிக்குக் கொண்டுபோன பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிந்திவிட்டது. எறிபத்தர் யானையையும் வெட்டினார், பாகர்களையும் வெட்டினார். புகழ்ச்சோழர் குதிரையேறி வந்தார். ராஜா இல்லையா? யானை செய்ததற்கு நான் என்னப்பா பண்ணுவேன் என்று கேட்டிருக்கலாமே. கேட்டாரா? தன் வாளை எடுத்து நீட்டினார். என் யானை செய்த குற்றம் என் குற்றம், என்னையும் வெட்டுங்கள் என்றார். யானை என்னுடையது என்றால் குற்றமும் என்னுடையது. இன்னொரு தரம் சொல்கிறேன், யானை என்னுடையது என்றால் குற்றமும் என்னுடையது!

நாம் என்ன செய்கிறோம்? அந்த அடியார்கள் அத்தனை பேரும் எங்க ஆளுங்க என்று மார்தட்டுகிறோம். சாதியால் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்த திருநாளைப்போவார் காலில் விழுகிறோம். நீறு பூசின ஒருத்தன் இன்னொருத்தனைச் சாதி சொல்லி வாசலில் நிறுத்தினால் மட்டும், 'அது அவன் புத்தி, நமக்கென்ன' என்கிறோம். பெருமைக்குப் பங்கு கேட்கிறவன் பழிக்கும் பங்கு வாங்கணும். நேற்று அன்னதானம் முடிந்து எச்சில் இலையெல்லாம் குளத்துப் படியில் கிடக்கு. சாம்பார் சோற்றில் ஈ மொய்க்குது. கேட்டால், 'கமிட்டிக்காரங்க பார்த்துக்குவாங்க' என்கிறார்கள். சாப்பிட்டது கமிட்டியா? நாமதானே சாப்பிட்டோம்!

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு அந்தக் குளத்தில் உழவாரப்பணி. கூட்டம் ஒத்துவராதவர்கள் கடைசிப் படியில் தனியாக நின்று வேலை பாருங்க, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் கட்டாயம் வந்துடுங்க. மண்வெட்டி இருக்கிறவர்கள் எடுத்துட்டு வாங்க.